பண்டிகை இல்லாத பாஸ்வேர்டு

என் கணவர் திருச்சி பாலக்கரையில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு பாலக்கரை பஸ்ஸை விட்டாரே தவிர ஆபீஸை விடவில்லை. அங்கே கம்ப்யூட்டர் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுமாம். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே சட்டத்தைப் போட்டார். பழைய பாஸ்வேர்டை மறுபடி வைக்கக் கூடாது என்று துணைச் சட்டம் வேறு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்கு ஆபீஸ் பழக்கம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், கரண்ட் பில் கட்டுவதும் மகன் அனுப்பும் போட்டோ பார்ப்பதும்தான் வேலை, இதில் யாருக்காக இத்தனை பூட்டு என்று கேட்பேன்.

பாஸ்வேர்டுக்காக அவர் மூளையைக் கசக்கியதில்லை. ஸ்ரீரங்கத்தில் திருவிழாவுக்கா பஞ்சம்? கேட்கிற நேரத்தில் ஊரில் என்ன நடக்கிறதோ அதை வைத்துவிடுவார். சித்திரைத் தேர், ஏகாதசி, பங்குனி உத்திரம். மாற்றிய கையோடு ஹாலிலிருந்து அடுப்படிக்குக் குரல் கொடுப்பார், இந்தத் தடவை கருட சேவை என்று. மாடி வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும். ரகசியம் காப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கடைசியாக வைத்தது ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்து மாற்றினார். அந்த ஆடி முடிவதற்குள் போய்விட்டார். நெஞ்சு வலி என்றார்; ஆஸ்பத்திரி வரைகூடத் தாங்கவில்லை.

காரியங்கள் முடிந்து மகன் பெங்களூருக்குத் திரும்பிய பிறகு தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பார்க்க ஒன்றுமில்லை. அந்தச் சொல்லை அடிப்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். அடிக்கும்போது அவர் குரல் காதில் விழும்.

புரட்டாசியில் ஒரு காலை, பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது, புதியது வையுங்கள் என்றது. மகனுக்குப் போன் போட்டு, பழையதையே வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன்.

"அப்பா அந்த வழியையும் அடைச்சு வச்சிருக்காரும்மா" என்றான்.

அவர் வைப்பதுபோல் ஏதாவது பண்டிகைப் பெயரை வை என்றான். நவராத்திரி வந்துகொண்டிருந்தது. ஆனால் துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாதே. கொலு இல்லை, தீபாவளி இல்லை, பாஸ்வேர்டில் மட்டும் கொண்டாடுவதா? விரல் ஓடவில்லை. கடைசியில் 'பண்டிகை இல்லை' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, பின்னால் வீட்டு நம்பரைச் சேர்த்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

வழக்கப்படி அதை அடுப்படிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்தேன். அங்கே நின்று கேட்க வேண்டியவள் நான்தான். நானோ அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மகன் இன்னும் போனில் இருந்தான். "அடுத்த தடவை வரும்போது அந்த எக்ஸ்பைரி செட்டிங்கை எடுத்துடறேன்ம்மா. அப்புறம் உன்னை எதுவும் கேக்காது."

"வேண்டாம்ப்பா, கேக்கட்டும். இந்த வீட்ல வேற யாரு என்னை ஒண்ணு கேக்குறாங்க?"

அவன் சாப்பிட்டாயா என்று கேட்டான்.

சாப்பிட்டேன் என்றேன். அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.