அண்ணனின் மூடிய கை

ராயபுரத்தில் ஒரே தெருவில் குடியிருந்தும் நானும் என் அண்ணனும் மூன்று வருஷம் பேசவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அண்ணனும் அவர்களோடு துறைமுக வாசலை மறித்து நின்றார். நான் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வேலைக்குப் போனேன். அதுதான் காரணம்.

ஒரு நாள் காலை அண்ணி எழுப்பியபோது அண்ணன் உயிரோடு இல்லை. செய்தி கேட்டு ஓடினேன். வலது கை நெஞ்சின் மேல் இறுக மூடியிருந்தது. ஜெபமாலை வைப்பதற்காக விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"எம்மேல கோவத்தோடயே போய்ட்டியாண்ணே!" என்று அழுதபடி பலங்கொண்ட மட்டும் இழுத்தேன்.

பக்கத்து வீட்டு காதர் பாய் என் தோளைப் பிடித்தார். அவர் பள்ளிவாசலில் இறந்தவர்களைக் குளிப்பாட்டுகிறவர்.

"இழுக்காத நைனா, வெரலு ஒட்ஞ்சிடும். இது கோவமில்ல. உசிரு போனா கொஞ்ச நேரத்துல சதையெல்லாம் இப்டித்தான் இறுகிக்கும். நாளிக்கு தானா தளந்துடும்."

"நெஜமாவா பாய்?"

"எத்தினி பேர குளிப்பாட்டிகீறேன், எனக்குத் தெரியாதா?"

தூத்துக்குடியிலிருந்து தங்கை வர வேண்டியிருந்ததால் அடக்கம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. காலையில் அண்ணி ஜெபமாலையை என்னிடம் நீட்டி, "நீயே வையிப்பா" என்றார். பயந்துகொண்டே தொட்டேன். விரல்கள் மெதுவாகப் பிரிந்து, என் உள்ளங்கையில் சில்லென்று கிடந்தன.

அண்ணன் என்னை மன்னித்தாரா, தெரியாது. அவர் உயிரோடிருந்தபோது ஒரு நாளாவது போய் அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். அவர் தட்டிவிட்டிருந்தாலும் பரவாயில்லை.