பங்குக் கிணற்றுக் குளவி

குளவிக்கூட்டை முதலில் கண்டது நான். அதை அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருந்தால் இதை எழுத வேலையில்லை.

அப்போது மாரிகாலம். கிணறு முட்டி நின்றது. குனிந்து கைவாளியால் அள்ளலாம். நான் அண்ணாந்து பார்த்தேன். கிணற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பாலைமரக் கொப்பில் ஒரு கூடு. பாக்களவுதான். இரண்டு குளவி அதில் ஊர்ந்தன. அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா பார்த்தார். பக்கத்தில் நின்ற பெரியம்மாவும் பார்த்தார். பிறகு ஆளை ஆள் பார்த்தார்கள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை," என்றார் அம்மா. "அது தன்ரை பாட்டிலை இருக்கட்டும்."

எனக்கு எட்டு வயது. சொல்லவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் கூடப்பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாக வந்து, ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றத்தில் அடுத்தடுத்த காணி எடுத்தவர்கள். ஆளுக்கு மூன்று ஏக்கர். சுற்றிவரக் காடு. இருந்தும் வேலி போடும்போது ஒரு முழ நிலத்துக்குச் சண்டை வந்தது. கிணறு பங்குக் கிணறு. அதில் பிணக்கில்லை. கிணற்றடிப் பாலைமரம்தான் பிணக்கு. என்னுடையது என்றார் அப்பா. என்னுடையது என்றார் பெரியப்பா. ஆவணியில் இரண்டு பேருக்கும் கதைபேச்சு நின்றது. பொங்கலுக்குக்கூட ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்கவில்லை.

மழை விட்டது. இரண்டு வீட்டிலும் மிளகாய்க் கன்று நட்டாயிற்று. கிணற்றில் தண்ணீர் கீழே போனது. இனித் துலாதான், ஊன்றுகாலில் ஆடுகிற நீள ஏற்றமரம். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்த காலம் முழுக்க அப்பா துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். அவர் பின்னே போனால் நுனி மேலே எழும்பும். பெரியப்பா கீழே நின்று நுனியில் தொங்கும் கொடியைப் பிடித்துத் தண்ணீர் அள்ளுவார். இப்போது அது நடவாது. அம்மாவை அள்ளக் கூப்பிட்டார் அப்பா. அம்மாவுக்கு அன்றைக்கு இடுப்பு நோ.

அப்பா தனியே போய்க் கொடியை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை விட்டார். நுனி எழும்பிப் பாலைமரக் கொப்பில் அடித்தது. கூடு இப்போது பூசணிக்காய் அளவு. அப்பா கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்த வேகத்தில் நான் இன்றுவரை ஒருவரையும் கண்டதில்லை. ஏழு குத்து. ஒரு கண் மூடிப்போனது.

கூடு இருக்கென்று பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அடுத்தநாள் பெரியப்பா துலாவைத் தொட்டார். பெரியம்மாவுக்கு அன்றைக்குத் தலையிடி. பெரியப்பாவுக்கு மேல் உதடு கத்தரிக்காய் போல் வீங்கியது. அப்பா மற்றக் கண்ணால் பார்த்துச் சிரித்தார்.

பிறகு தூது தொடங்கியது. தூது நான்.

"மரம் தன்ரை எண்டவர்தானே. வந்து கூட்டை எடுக்கட்டாம் எண்டு சொல்லு," என்றார் அப்பா.

பெரியப்பா உதட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "மரத்தை நான் விட்டிட்டன் எண்டு உன்ரை கொப்பரிட்டைச் சொல்லு. இனி அது அவன்ரை."

"எனக்கும் வேண்டாம் எண்டு சொல்லு," என்றார் அப்பா.

ஐந்து மாதம் இழுபட்ட மரம் இப்படி ஒரே நாளில் இரண்டு பேருக்கும் வேண்டாமல் போனது. எனக்கு ஓடி ஓடிக் கால் நொந்தது. ஆனால் மனம் துள்ளுகிற புளுகம். ஒவ்வொரு தரமும் குளவி பின்னால் கலைத்துக்கொண்டு வருகுதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

நாலாம் நாள் கன்றுகள் தலை சாய்ந்தன. அம்மா குளவி எழும்புமுன் விடியக் கருக்கலில் கைவாளியில் கயிறு கட்டி ஒரு குடம் அள்ளுவார். அது குடிக்கத்தான் காணும். இன்னும் இரண்டு நாள் விட்டால் இரண்டு வீட்டிலும் அந்தப் போகம் போச்சு. அப்பா வரம்பில் குந்தியிருந்து கன்றுகளையே பார்த்தார். சாப்பிட வரவில்லை.

அம்மா என்னைக் கூப்பிட்டார். "பெரியப்பாவிட்டைப் போய், பின்னேரம் கூட்டை எரிக்கத் துலா மிதிக்க அப்பா ஆயத்தமாம் எண்டு சொல்லு."

"அப்பா சொல்லேல்லையே."

"நீ போய்ச் சொல்லு."

சொன்னேன். "அவன் சொன்னவனோ?" என்று கேட்டார் பெரியப்பா. ஓம் என்றேன். பெரியம்மா உடனே மண்ணெண்ணெய்ப் போத்தலை நீட்டினார். ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தது. திரும்பி வந்ததும், பெரியப்பா கொடி பிடிக்க ஆயத்தமாம் என்று அப்பாவிடமும் சொல்லச் சொன்னார் அம்மா.

இருட்டுப்படுகிற மைமல் நேரம். அப்பா ஈரச் சாக்கால் போர்த்துக்கொண்டு துலாவில் ஏறினார். பெரியப்பா நுனியில் சேறு பூசி, அதன்மேல் மண்ணெண்ணெயில் தோய்த்த சாக்கைக் கட்டினார். இரண்டு பேருக்கும் இடையில் பத்தடி இல்லை.

"நுனியை இன்னும் பதிக்கச் சொல்லு பிள்ளை," என்றார் பெரியப்பா.

"காணுமோ எண்டு கேள்," என்றார் அப்பா.

இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

பெரியப்பா நெருப்பு வைத்துவிட்டுக் கொடியைப் பிடித்தார். அப்பா பின்னே பின்னே நடந்தார். நுனி எழும்பியது. கூட்டில் நெருப்புப் பிடித்தது. குளவி இரைந்துகொண்டு கிளம்பியது. நான் பூவரசுக்குப் பின்னால் பாய்ந்தேன். அம்மாவும் பெரியம்மாவும் ஒரு சாக்குக்குள் இருந்தார்கள்.

அப்பாவின் போர்வை நழுவியது. கழுத்தில் குளவி. அவர் உதறினார். துலா ஆடியது. அவர் குதித்தால், சேறும் சாக்குமாய்க் கனத்த நுனி நெருப்போடு நேரே பெரியப்பாவின் தலையில் விழும்.

"தம்பி, குதியாதை."

நான் அதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"நீ கொடியை விடாதை அண்ணை. நான் நிக்கிறன்."

நின்றார். குத்து விழ விழ நின்றார். பெரியப்பாவும் விடவில்லை. கூடு எரிந்து இற்றுக் கிணற்றுக்குள் விழுந்தது. 'சொய்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கிணறு முழுக்கச் சாம்பலும் செத்த குளவியும். அடிவரை இறைத்தால்தான் குடிக்கலாம். விடியத் தொடங்கி அப்பா மிதித்தார், பெரியப்பா அள்ளினார். அப்பாவின் கழுத்து வீங்கித் தலையளவு. யாருக்குக் குத்து கூட என்று இரண்டு பேரும் பகிடி விட்டபடி இறைத்தார்கள். நான் வாய்க்காலை மாற்றி மாற்றி இரண்டு தோட்டத்துக்கும் தண்ணீர் விட்டேன். பாலைமரம் யாருடையது என்று பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

மத்தியானம் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே சட்டியில் சோறு குழைத்தார்கள். எனக்கு அப்பாவின் கழுத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நான் காட்டின அண்டைக்கே தடியாலை தட்டி விழுத்தியிருக்கலாமே அம்மா," என்றேன்.

பெரியம்மாவுக்குப் புரைக்கேறியது. அம்மா அவருடைய தலையில் தட்டினார்.

"ஓம் பிள்ளை, விழுத்தியிருக்கலாம். எங்கள் ரண்டு பேருக்கும் குளவியெண்டால் பயம்."

அம்மா கோழிக்கூட்டுக்குள் வந்த பாம்பை உலக்கையால் அடித்தவர். பெரியம்மா யானையைக் கலைக்கத் தகரம் தட்டிக்கொண்டு முன்னுக்குப் போனவர். அதெல்லாம் எனக்கு அப்போது மண்டையில் ஓடவில்லை. பாவம், பயந்த சனம் என்று நினைத்துக்கொண்டு வாய்க்கால் மாற்ற ஓடினேன்.