நீல மூடியைத் திறந்தவர்கள்

படுக்கை, சமையல் வசதியோடு வரும் மோட்டார்ஹோம் வண்டியை வாடகைக்கு விடுவது என்றால் சாவியைக் கொடுத்து, சிரித்து, கையாட்டி அனுப்புவது என்று நினைத்திருப்பீர்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நாற்பது நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டும், அதில் யாருமே காது கொடுக்காத பகுதி நீல மூடி.

டீசல் ஊற்ற ஒரு மூடி, அதற்குப் பக்கத்தில் நீல நிறத்தில் இன்னொன்று. புகையைச் சுத்தமாக்கும் திரவம் அதில் போகும். எங்கள் ஊர் குளுவாங்கில் எல்லோரும் அதை யூரியா தண்ணி என்றுதான் சொல்வார்கள். பார்க்க வெறும் பச்சைத் தண்ணீர் மாதிரிதான். ஆனால் அது தீர்ந்துபோய் இன்ஜினை அணைத்துவிட்டால் வண்டி மறுபடி கிளம்பாது. ஒரே விஷயத்தை ஆயிரம் தடவை சொல்லி, ஆயிரத்தோராவது ஆளிடம் “நீங்க சொல்லவே இல்லையே” என்று கேட்டுக்கொண்ட கவுன்டர்வாசிகளே, நீங்கள் என் இனம். இருந்தாலும் எனக்குப் புலம்பத் தோன்றவில்லை. அந்த மூடி வழியாக நான் பார்த்த சில பேர் அப்படிப்பட்டவர்கள்.

வெயிலில் வெந்த கேன்கள்

இருபது வருஷம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்துவிட்டு இங்கே வந்தவள் நான். வந்த சூட்டில் யூரியா தண்ணியை மொத்தமாக வாங்கி, தகரச் சுவர் ஓரமாக அழகாக அடுக்கி வைத்தேன். சாயங்காலம் வரைக்கும் வெயில் அடிக்கிற சுவர் அது. சில மாதம் கழித்து மெர்சிங் போக ஒரு வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் மெக்கானிக் பரமேஸ்வரி, காஹாங் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளோடு மல்லுக்கட்டியவள், கேனைத் திறந்து மூக்கை வைத்தாள். உடனே மூடிவிட்டாள். “இத ஊத்த முடியாதுக்கா.” கேனில் போட்டிருந்த காலாவதித் தேதி இன்னும் தாண்டவில்லை என்று நான் வாதாடினேன். அவள் என் கையைப் பிடித்துக் கேன் மேல் வைத்தாள். சூடாக ஆற்றிய தே தாரே டீ கிளாஸ் மாதிரி கொதித்தது.

இருபது வருஷமாக அடுத்தவர் சாமானை ‘ரிஜெக்ட்’ என்று ஒதுக்கியவள், அன்றைக்கு என் சாமானையே ஒதுக்கினேன். முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, நிழலான உள்ளறை ஒன்றின் சாவியைக் கொடுத்தார். புதுக் கேன்களை அங்கே இறக்கும்போது என் முகம் தொங்கியிருந்ததைப் பரமேஸ்வரி பார்த்திருக்க வேண்டும். “நமக்கு வேர்த்தா ஏர்கோன் கேக்குறோம், அதுக்கு வாய் இல்லல்ல, அதான் நாறிக் காட்டுது” என்றாள்.

கைப்பைக்குள் போன சாவி

லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சாமிநாதன் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி மரகதம் அம்மா. நான் விளக்கம் சொல்லச் சொல்ல சார் நோட்டில் எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் நீல மூடிக்குப் படம் வரைந்தார். மனசு குளிர்ந்துபோனது.

மூன்றாம் நாள் பாலோ ஊர் தாண்டி ஒரு எண்ணெய் நிலையத்திலிருந்து போன் வந்தது. “மிஸ், யூரியா தண்ணிய டீசல் தேங்கியில ஊத்திட்டேன்.” இப்படி நடந்தால் வழக்கமாக வண்டி ரோட்டில் படுத்த பிறகுதான் போன் வரும். அதிலும் “தானா நின்னுடுச்சு” என்றுதான் கதை தொடங்கும். சாவியைத் திருப்பினாலே போதும், உள்ளே இருக்கும் பம்பு அதை இழுத்து இன்ஜின் வரைக்கும் கொண்டுபோய்விடும். “சாவியத் தொட்டீங்களா சார்?” என்றேன். “தொடல. அவங்க குடுக்க மாட்டேங்குறாங்க.”

நானும் பரமேஸ்வரியும் போய்ச் சேர்ந்தபோது மரகதம் அம்மா நிழலில் நாற்காலி போட்டு, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீசலை முழுக்க வடித்து, தேங்கியைக் கழுவினோம். புது டீசல் ஊற்றியதும் இன்ஜின் எந்தச் சேதமும் இல்லாமல் கிளம்பியது. சார் ஓரமாக நின்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். உண்மையை உடனே சொன்னதற்கு நான்தான் அவரைக் கும்பிட வேண்டும் என்றேன். எப்படிச் சாவியை எடுத்து வைக்கத் தோன்றியது என்று அம்மாவிடம் கேட்டேன். “இவரு தப்பு பண்றதுல எனக்குப் பயமே இல்லம்மா, அதச் சரி பண்றேன்னு கெளம்புவாரு பாருங்க, அதுக்குத்தான் பயம்.”

பாய் ஒட்டிய சீட்டு

சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹமீது பாய் பேரப்பிள்ளைகளோடு ஒரு வாரம் சுற்றிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். யூரியா தண்ணி ஸ்பேர் கேன் வழக்கம்போலச் சமையல் பக்கம் கிடக்கவில்லை. வெயில் படாத வெளிப்பெட்டியில், சாயாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதற்கென்று தனியாகப் புதுப் புனல் ஒன்று வாங்கி, சுத்தமான பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். கேன் மேல் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ‘குடிக்காதே’ என்று சீட்டு.

நான் சொல்லிக்கொடுத்ததில் இதில் பாதிகூட இல்லை. அந்தச் சீட்டைப் பார்த்து எழுதி எல்லா வண்டிக்கும் ஒட்டினேன். பாயிடம் நன்றி சொன்னபோது அவர் சொன்னது: “தங்கச்சி, என் கடையில தண்ணி மாதிரி இருக்குற எல்லாத்துக்கும் பேரு எழுதி ஒட்டுவேன், வினிகர மடக்குனு குடிச்சவன் மூஞ்சிய நேருல பாத்தவன் நான்.”

கல்யாணப் பெண் கேட்ட கேள்வி

காஹாங்கில் ஒரு கல்யாண வீடு. குளுவாங் கோயிலில் முகூர்த்தம். பெண்ணுக்கு வண்டிக்குள்ளேயே அலங்காரம் முடித்து, சீர்த்தட்டுகளோடு கூட்டிப்போக வேண்டும். பெண் பெயர் தமிழ்ச்செல்வி, பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை என்று மட்டும் சொன்னார்கள். ஆள் இல்லாததால் நானே ஓட்டிப்போனேன். அவசரத்தில் புறப்படும்போது டேஷ்போர்டுத் திரையைக் கவனிக்கவில்லை. வீட்டுச் சந்துக்குள் நுழைந்த பிறகுதான் பார்த்தேன்: யூரியா தண்ணி காலி, ஓடக்கூடிய தூரம் பூஜ்யம். முந்தின நாள் வண்டியைத் திருப்பி விட்டவர்கள் விளக்கு எரிந்ததைச் சொல்லவில்லை. பார்த்திருக்க வேண்டியவள் நான். ஸ்பேர் கேன் இருக்க வேண்டிய பெட்டியில் ஒரு குழந்தையின் மணல் வாளி இருந்தது.

சந்து குறுகல். என் வண்டிக்குப் பின்னால் சொந்தக்காரர்களின் காடிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. இது படுத்தால் ஒருவரும் வெளியே போக முடியாது. பெண்ணின் அப்பா நெற்றியைத் தேய்த்தார். யாரோ “அலமாக், முகூர்த்தம் போச்சு லா” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது உள்ளேயிருந்து, ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய தமிழ்ச்செல்வி எட்டிப் பார்த்தாள்.

“எத்தன கிலோமீட்டர் காட்டுதுக்கா?”

“பூஜ்யம்மா.”

“அப்ப இன்ஜின அணைக்காதீங்க. அணைச்சாத்தான் பிரச்சன.”

அப்படியே போனை எடுத்து, தோட்டத்தில் பழ லோரி ஓட்டும் முனியாண்டி மாமாவைக் கூப்பிட்டாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து இன்னொரு கண்ணைக் காட்டினாள். இன்ஜின் அதிர்வில் அலங்காரம் செய்பவரின் கைதான் நடுங்கியது, இவள் அசையவில்லை. அரை மணி நேரத்தில் மாமா மோட்டார் சைக்கிளில், கால்களுக்கு நடுவில் கேனை இடுக்கிக்கொண்டு வந்தார். தமிழ்ச்செல்வி பட்டுப்புடவையோடு வாசல்படியில் நின்று, சீல் உடையாமல் இருக்கிறதா, தேதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். “இப்ப அணைங்க. முழுசா ஊத்துங்க, ஆனா சிந்தாதீங்க, காஞ்சா உப்புப் பூத்துடும். ஊத்துனதும் சாவிய ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விடுங்க, ஊத்துனத வண்டி கணக்குப் பாத்துக்கட்டும்.”

மாமா ஊற்றி முடித்ததும் அவள் சொன்னபடி சாவியை ஆன் பண்ணி ஒரு நிமிடம் விட்டேன். பிறகு முழுசாகத் திருப்பினேன். இன்ஜின் கிளம்பியது, பின்னாலிருந்த காடிகளெல்லாம் ஹாரன் அடித்தன. முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் முன்னால் கோயில் வாசலில் நின்றோம். இறங்கும்போது அவள் கையைப் பிடித்து “மன்னிச்சிரும்மா” என்றேன். “விடுங்கக்கா, நான் ட்ரெய்லர் ஓட்ட ஆரம்பிச்ச மொத வாரமே எனக்கும் இப்படித்தான் ஆச்சு, அன்னிக்கு எனக்கு மேக்கப்பும் இல்ல, மேளமும் இல்ல.”

ஆக, வாடிக்கையாளருக்குப் பாடம் சொல்லத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார் முதலாளி. பாடம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.