கேட்டில் தொங்கிய கோணி

பாரிவாக்கத்தில் சுலோசனாவுக்கு மிச்சமிருப்பது செவலை என்ற ஒரு பசு, ஓர் இரும்பு கேட், சுற்றிலும் அடுக்குமாடிகள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் மோகன் கோயம்புத்தூரில். ஃப்ளாட்காரர்கள் பாலுக்கு வருவார்கள், சாணி நாற்றமென்று மூக்கைப் பிடித்துக்கொண்டே. பசும்பால் மட்டும் வேண்டும், பசு வேண்டாம் அவர்களுக்கு. 'சாப்பிட்டியா' என்று சுலோசனாவைக் கேட்க நாதியில்லை.

லின் மட்டும் சாயங்காலமானால் வந்துவிடுவாள். எதிர் ஃப்ளாட்டில் குடியிருந்த சீனப் பெண். புருஷனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை. அவளுக்கும் பேச ஆளில்லை. ஒருநாள் பசுவைத் தொட்டுத் தன் மொழியில் "நியூ" என்றாள். சுலோசனாவும் "நியூ" என்றாள். பதிலுக்கு "மாடு" என்று சொல்லிக்கொடுத்தாள். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே இருவரும் பொழுது சாயும்வரை சிரித்துக்கொண்டிருப்பார்கள். நாளடைவில், கேட்டருகே "நியூ" என்று குரல் கேட்டாலே செவலை திரும்பிப் பார்க்கும்.

செவலைக்கு நிறைமாதமானது. சுலோசனா வீட்டு வழக்கப்படி நிறைசினை மாட்டை வெளியாள் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும். கேட்டில் கோணியைக் கட்டித் தொங்கவிட்டாள். லின் வந்தபோது, வேண்டாமென்று கையை ஆட்டினாள். 'கன்று போட்டதும் வா' என்று சொல்ல அவளிடம் வார்த்தை ஏது? லின்னின் முகம் சுண்டிப்போனது. சுலோசனாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் கோணியை அவிழ்க்கவில்லை, அப்படியொரு பிடிவாதக்காரி.

கன்று நல்லபடியாகப் பிறந்தது. சீம்பாலில் வெல்லம் போட்டு அவித்தாள். பால் எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்த ஃப்ளாட்டுப் பெண் பவித்ராவைச் செல்போனில் பார்க்கச் சொல்லி, கன்றுக்கான சீனச் சொல்லைக் கேட்டுக்கொண்டாள். "சியாவ் நியூ, சியாவ் நியூ" என்று முணுமுணுத்தபடியே கிண்ணத்தோடு எதிர்ப்பக்கம் போனாள்.

"அவங்க காலி பண்ணிகினு ஊருக்கே போய்ட்டாங்கக்கா," என்றார் வாட்ச்மேன் வேலுசாமி. "போவும்போது உன் ஊட்டாண்ட வந்து ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தாங்க. கோணியப் பாத்துட்டு அப்டியே திரும்பிட்டாங்க."

"ஒரு கொரல் குடுத்திருக்கலாமே நைனா."

"நீதான் வரவேணாம்னு கைய ஆட்டுனியேக்கா."

கிண்ணத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள். கோணியை அவிழ்த்துச் சுருட்டினாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாய்விட்டே அழுதாள். பிறகு கன்றின் நெற்றியைத் தடவி, "சியாவ் நியூ" என்றாள்.

செவலை காதை விடைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தது.

"அங்க யாரும் இல்லடி," என்றாள் சுலோசனா.