அண்ணன் போட்ட அடையாளம்

பாழாய்ப்போன கை எனக்கு. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவளுக்குக் காய்ந்த குச்சி கண்ணில் பட்டால் குனியாமல் இருக்க முடியாது. அடுப்பு நினைப்பு அப்படி. அந்தக் கைதான் அண்ணன் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில், விருந்தாளிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பறவையும் மரமும் காட்டிவர ஆள் தேடினார்கள். அண்ணன் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். எந்தக் குருவி எங்கே கத்தும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்சாதியைக் கூட்டிப்போய், சாயந்திர ரயிலுக்கு முன்னால் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக் கூடை தூக்க அண்ணன் என்னையும் அழைத்துப்போனார்.

அந்த அம்மாவுக்கு நீலக் குருவி ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டுமாம். அண்ணன் பழகிய பாதையை விட்டு உள்ளே போனார். குருவியும் கிடைத்தது, இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. பாதை பிரிந்த இடத்தில் அண்ணன் உட்கார்ந்து தரையைத் தடவினார். அடுத்த பிரிவிலும் தடவினார். பக்கத்திலே ஈர மண்ணில் சிறுத்தையின் கால்தடம், புதுசு. அந்த ஐயா கடிகாரத்தைப் பார்ப்பதும் அண்ணனை முறைப்பதுமாக இருந்தார். அந்த அம்மாவுக்குப் பல் தந்தியடித்தது.

"வர்றப்போ பாத பிரியிற எடத்துல எல்லாம் ரெண்டு குச்சிய குறுக்கால போட்டு வச்சேனே," என்றார் அண்ணன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

முன்னால் அவர் போட்டுக்கொண்டே போக, பின்னால் நான் பொறுக்கி விறகுக் கட்டில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். கடவுளே, ஒன்று விடாமல்!

"அண்ணே, அதெல்லாம் இந்தக் கட்டுலதான் இருக்கு."

அறையப்போகிறார் என்று நினைத்தேன். விறகுக் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்னால் நடந்தார். அறைந்திருந்தாலாவது தேவலை.

சுற்றிச் சுற்றி இரண்டு தடவை ஒரே ஓடைக்கு வந்து சேர்ந்தோம். கடைசியில் எங்கோ கீழே லயத்து நாய் குரைத்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கினோம். ரோட்டுக்கு வருமுன் அந்த விறகுக் கட்டைப் புதருக்குள் எறிந்துவிட்டேன். நாங்கள் ஹோட்டலுக்கு வரும்போது நானுஓயா ஸ்டேஷனில் ரயில் போயேவிட்டது.

மேனேஜர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பாதை தெரியாதவனுக்கு எதற்கு இந்த வேலை என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நாந்தாங்க தடம் மறந்துட்டேன்," என்றார் அண்ணன்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சர்க்கார் காட்டில் விறகு பொறுக்கினால் வழக்கு என்பது ஞாபகம் வந்தது. பயந்து வாயை மூடிக்கொண்டேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன், தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்கக் கவ்வாத்துக் கத்தியோடு வந்து நின்றார். தொரைமாருக்குக் காடு காட்டப் போனவர் அதற்குள் திரும்பிவிட்டாரே என்று கங்காணி கிண்டல் பண்ண, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.