கன்னியம்மா வீட்டு எலிகள்

எலி மருந்துக்குப் பூண்டு வாடை அடிக்கும், தெரியுமா? கறுப்புத் தூள். அறுபதுகளில், சாலவாக்கம் பக்கம் கிராம சேவக்காக, ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சைக்கிள், பை, சட்டை எல்லாம் அந்த வாடைதான். ரசம் சாப்பிட உட்கார்ந்தாலும் எலி ஞாபகம் வரும்...

வேலை அப்போது பர்மனென்ட் ஆகவில்லை. ஆபீசர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் ஆகும். அவருக்குக் காட்ட நான் பிடித்த இடம் கன்னியம்மா வீடு. ஊரிலேயே நெல் அதிகம் அங்கேதான், எலியும் அதிகம். நொய்யில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மருந்தைக் கலந்து வளை பக்கத்தில் வைக்கச் சொல்லி, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரு எலிகூடச் சாகவில்லை. எங்கள் கண்ணெதிரே ஒன்று உத்தரத்தில் நிதானமாக நடந்து போனது.

போச்சு வேலை என்றே நினைத்தேன்.

ஆபீசர் என்னை முறைத்தார். கன்னியம்மா முன்னால் வந்தார்.

"தம்பி மேல தப்பு இல்ல அய்யா. வூட்ல வேற எண்ணெ இல்ல. சொறிக்குப் பூசிக்கினு கீறோமே, கருஞ்சீரகம் போட்டுக் காச்சின எண்ணெ... அத்த ஊத்திக் கலந்துட்டேன். அத்த துன்ன எலிக்கு வெசம் ஏறுமா இன்னா?"

சிரிப்பார் என்று பார்த்தால், மனிதர் பேனாவைத் திறந்து சிரத்தையாக எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் எங்களுக்கெல்லாம் டைப் அடித்த தாள் வந்தது. எலி மருந்தில் கருஞ்சீரக எண்ணெய் கலக்கக் கூடாதாம்.

என் வேலையும் நிலைத்தது.

நன்றி சொல்லப் போனேன். கன்னியம்மா மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே என் கையில் வைத்தார்.

"பூனை மூணு குட்டி போட்டு கீது தம்பி. செத்த எலிய துன்னுட்டு அதுவும் பூட்டா, குட்டிங்களுக்கு ஆரு பால் குடுப்பாங்க?"

"அப்போ அந்த எண்ணெய் கதை?"

"உன் மூஞ்சி போன போக்கப் பாத்தேன். வாயில வந்தத சொன்னேன்."

போன வாரம், மருந்தியல் படிக்கும் பேத்தி போன் செய்தாள். அவர்கள் லேபில் எலிகளுக்குக் கருஞ்சீரக எண்ணெய் கொடுத்து, விஷத்தால் ஈரல் கெடாமல் அது காக்கிறதா என்று பார்க்கிறார்களாம். "காக்குற மாதிரிதான் இருக்கு தாத்தா" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் எலிக்கு ஏசி ரூம், நம்பர் போட்ட கூண்டு, வேளாவேளைக்கு எண்ணெய். அன்று ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல் கன்னியம்மா எலிகளையும் பிழைக்க வைத்தார், பூனையையும் பிழைக்க வைத்தார், என்னையும்...

கன்னியம்மா அக்கா இப்போது இல்லை. இருந்திருந்தால் பஸ் ஏறிப் போய், "நீங்க சொன்னது நிஜமாம்க்கா" என்று சொல்லியிருப்பேன். "பின்ன, நான் பொய்யா சொல்வேன்?" என்று கேட்டிருப்பார்.