வைரஸ் கார்ட் அணைந்திருந்த இரண்டு நாட்கள்

விளையாடும்போது வைரஸ் கார்டை, அதாவது வைரஸ் நுழையாமல் கணினியைக் காக்கும் மென்பொருளை, நிறுத்தி வைக்கலாமா என்று சென்ற வாரம் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் ஏற்றியிருக்கும் கிரிக்கெட் விளையாட்டு தடங்கித் தடங்கி ஓடுகிறதாம். எங்கள் பிரிவில் கணினி பற்றிய கேள்விகள் என் மேசைக்குத்தான் வரும்.

"வேணாம்" என்றேன்.

"ஏன் சேர்?"

"வேணாமெண்டா வேணாம்."

எதைக் கேட்டாலும் மூன்று காரணம் சொல்கிறவன் நான். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். சொல்லாமல் விட்ட காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

மகள் பல்கலைக்கழகம் போனபின் அவளுடைய பழைய கணினி என் மேசைக்கு வந்தது. அதில் நான் லொறி ஓட்டும் விளையாட்டு ஒன்று விளையாடுவேன். ஐம்பது வயது கடந்தவன், மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெதற்கும் உரிமப்பத்திரம் இல்லாதவன், பனி கொட்டும் மலைப்பாதையில் பதினெட்டுச் சக்கர லொறியில் மரக்குற்றி ஏற்றிப்போவேன். சனிக்கிழமைகளில் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பின்னேர அஸர்த் தொழுகை வரை. மனைவிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

வளைவுகளில் லொறி விக்கி விக்கி நின்றது. வைரஸ் கார்டை நிறுத்தினால் சரியாகும் என்று எங்கோ வாசித்து, நிறுத்திப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நான் கவலையீனமானவன் அல்ல. நிறுத்திய நேரத்தையும் மறுபடி போட்ட நேரத்தையும் ஒரு துண்டுத்தாளில் குறித்து வைப்பேன். ஐந்து மாதம் ஒரு தவறும் நடக்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் எதையும் செய்யலாம் என்ற எண்ணம் அப்படித்தான் எனக்குள் வேரூன்றியது.

மனைவிக்கும் அவருடைய தங்கைக்கும் சீதனமாகக் கொடுத்த வீடுகள் ஒரே வளவில் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. முன்வீடு எங்களுடையது. பின்வீட்டில் இருக்கும் அந்தத் தங்கை, எனக்கு மச்சி, ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. அவருடைய கணவர் வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல் செய்கிறார். மச்சி அப்போது டிப்ளோமா ஒன்றுக்காக ஆய்வு எழுதிக்கொண்டிருந்தார். வாசிக்கச் சிரமப்படும் பதினான்கு பிள்ளைகளை ஒரு வருடம் பார்த்து, யார் எந்த எழுத்தில் தடுக்குகிறார்கள் என்று எழுதிய குறிப்புகள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து அவற்றை என் கணினியில் டைப் செய்வார். பாடசாலையிலும் ஒரு பிரதி வைக்கப்போவதாக ஒருமுறை சொன்னார். நான்தான் தடுத்தேன். நாலு இடத்தில் நாலு பிரதி இருந்தால் எது கடைசி என்று தெரியாமல் போகும், இங்கே ஒன்று, பென் டிரைவில் ஒன்று போதும் என்றேன். டைப் செய்து முடித்த குறிப்புக் கொப்பிகளை அவர் வீசிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை, விளையாட்டுக்குப் புதிய பாதைகள் சேர்க்கும் ஒரு கோப்பை இணையத்தில் எடுத்தேன். வைரஸ் கார்ட் அதைப் பிடித்துச் சிவப்பில் எச்சரித்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் எச்சரித்தது. மூன்றாம் முறை, கார்டை நிறுத்திவிட்டு ஏற்றினேன். நேரம் மூன்று இருபது. அதையும் தாளில் குறித்தேன். புதிய பாதை கடலோரமாகப் போனது, மிக அழகாக இருந்தது. பாங்கு சொன்னதும் கணினியை மூடிவிட்டு எழுந்து பள்ளிவாசலுக்குப் போனேன். மறுபடி போட்ட நேரம் என்ற இடம் அந்தத் தாளில் வெறுமையாகவே இருந்தது.

மறுநாள் காலை மச்சி வந்து பென் டிரைவைச் செருகி உட்கார்ந்தார். அரை மணித்தியாலம் போயிருக்கும்.

"மச்சான், இஞ்ச ஒருக்கா வாங்க. பேரெல்லாம் மாறுது."

போய்ப் பார்த்தேன். கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக எங்களுக்கு விளங்காத எழுத்துகளாக மாறிக்கொண்டிருந்தன. வயரைப் பிடுங்கினேன். அதற்குள் கணினியில் இருந்ததும் பென் டிரைவில் இருந்ததும் போய்விட்டன.

"என்ட பென் டிரைவால வந்திச்சோ?" என்று மச்சி கேட்டார். "பள்ளிக்கூடத்தில எல்லாரும் குத்துற கொம்பியூட்டர்லதான் நானும் குத்துறன்."

எனக்கு அந்தக் கணமே தெரியும். திரையின் மூலையில் வைரஸ் கார்டின் அடையாளம் சாம்பல் நிறத்தில் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். "அப்பிடித்தான் இரிக்கும்" என்றேன். அத்தோடும் நிற்கவில்லை. "கண்ட கண்ட இடத்தில குத்தினா இப்பிடித்தான் மச்சி" என்று ஒரு புத்திமதியும் சொன்னேன்.

திங்கள் மாலை கணினி திருத்துபவர் வந்தார். பாண்டிருப்புப் பக்கத்து ஆள், வாய் ஓயாதவர். திரையைப் பார்த்தபடியே சிரித்தார்.

"கார்ட் ஓஃப்ல கிடக்கு. ஆர் ஓஃப் பண்ணின? சனிக்கிழமையே உள்ளுக்கு வந்திட்டுது. லொறி ஓட்டினயளோ சேர்?"

மனைவி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். "மெதுவாக் கதைங்க" என்றேன். திருத்துபவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கோப்புகளை மீட்க முடியாது என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு டயரியில், "மச்சியின் பென் டிரைவ் வழியாக வைரஸ்" என்று எழுதினேன். இருபத்தாறு வருடங்களாக நாள் தவறாமல் எழுதிவரும் அந்த டயரியில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அந்த வருடம் மச்சி ஆய்வைக் கொடுக்கவில்லை. அடுத்த வருடமும் கொடுக்கவில்லை. எங்கள் கணினியை அதன்பின் அவர் தொடவே இல்லை. "உங்கட சாமான நாசமாக்கிட்டன் எண்டு அவக்கு வெக்கம்" என்றார் மனைவி.

பிறகு மச்சியும் கணவரும் மக்காவுக்கு உம்றா யாத்திரை போக ஆயத்தமானார்கள். போகிறவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். பெரும்பாலும் அது ஒரு வாய்ச்சொல். இன்ன பிழை என்று யாரும் பெயர் சொல்வதில்லை. மச்சி சொன்னார்.

"மச்சான், அண்டைக்கு என்னால உங்கட கொம்பியூட்டர் போச்சி. அத நீங்க மனசில வெச்சிரிக்கப்படா. அல்லாக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க."

மனைவி பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு நின்றார். மச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுத்திட்டன் மச்சி. எனக்கும் துஆச் செய்ங்க" என்றேன்.

இந்தச் சம்பவம் முழுவதிலும் நான் வெட்கப்படுவது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். கார்டை நிறுத்தியது ஆசை. பென் டிரைவில் பழி போட்டது பயம். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டு நின்றவருக்கு, செய்தவன் உட்கார்ந்தபடி மன்னிப்புக் கொடுத்தேனே, அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர்கள் புறப்பட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையம் போகும் வேன் பத்து மணிக்கு. ஒன்பது பத்துக்குப் பின்வீட்டுக்குப் போனேன். மச்சி குசினியில் கருவாட்டுப் பொரியலைப் போத்தலில் அடைத்துக்கொண்டிருந்தார். முன்னறை நிறையச் சனம்.

"மச்சி, நீங்க மாப்புக் கேட்டது பிழை. நான்தான் கேக்கோணும்" என்று தொடங்கினேன். லொறி விளையாட்டு, சிவப்பு எச்சரிக்கை, மூன்று இருபது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் போத்தலின் மூடியைத் திருகி முடித்தார். "அண்டைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"ஓம்."

"முந்தாநாத்து நான் வந்து கேக்கக்குள்ளயும்?"

"ஓம்."

"ராத்தாக்கு?" தன் அக்காவை, என் மனைவியைத்தான் கேட்டார்.

"தெரியா."

முன்னறையில் யாரோ சிரித்தார்கள். மச்சி போத்தலைத் துணியில் சுற்றினார்.

"பதினாலு புள்ளைகள்ட பேரும் எனக்கு இன்னும் பாடம் மச்சான். நான் இப்ப வாயால பொறுத்திட்டன் எண்டு செல்லலாம். நீங்க செல்லலியா, அது மாதிரி. அப்பிடிச் செல்லிட்டு அங்க போய் நிக்க எனக்கு ஏலா. கொஞ்சம் இரிங்க."

வேன் வந்தது. அவர் எல்லோருக்கும் ஸலாம் சொன்னார், எனக்கும் சொன்னார். அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகும் அதைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

மச்சி திரும்பி வந்து நாலு மாதம் ஆகிறது. ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எல்லா வீட்டுக்கும் போல எங்கள் வீட்டுக்கும் வந்தன. பொறுத்திட்டன் என்ற அந்த வார்த்தை வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அவர் டிப்ளோமாவுக்குப் புதிதாகப் பதிந்திருக்கிறார், புதிய பிள்ளைகள், புதிய கொப்பிகள். டைப் செய்ய கல்முனைச் சந்தைப் பக்கம் ஒரு கடைக்குப் போகிறார். வெளிவாசல் கேற்றுக்கு எங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும். சனிக்கிழமைகளில் மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையில், கொப்பிகளைக் கையோடு அணைத்தபடி போவார். என் மேசையில் கணினி சும்மா இருக்கிறது. நான் எழுந்து நிற்கிறேன். இங்கே வந்து டைப் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.